அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள்

ஜூன் 4, புதன்

காலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் இளம்பரிதியே கூப்பிட்டார். மேனேஜர் இல்லை, உதவி இயக்குநர் இல்லை, அவரே. தன்வி நடித்த புதுப் படத்துக்கு வெள்ளிக்கிழமை டப்பிங் தொடங்குகிறதாம். "உங்க குரல் இல்லாம தன்வி வாயைத் திறந்தா ஜனங்க எழுந்து போயிடுவாங்க மேடம்" என்றார். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் புனேக்காரி. தமிழில் "சாப்பிட்டாச்சா"வைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. மூன்று படங்களாக அவளுக்கு நான்தான் பேசுகிறேன். போன தை மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் "வெத்தலைத் தட்டு எங்கே?" என்று கேட்டேன். நாலு பேர் திரும்பித் தன்வியைத் தேடினார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கை இங்கே எழுதப்போவதில்லை.

இது காமெடிப் படம். தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் வள்ளிக்கண்ணு மீது ஒரு மழைநாளில் மின்னல் பாய்கிறது. மெஷினிலிருந்து இன்னொரு வள்ளிக்கண்ணு இறங்கி வருகிறாள். அதே முகம், அதே மச்சம், அதே ஞாபகம். அதற்குப் பிறகு ஒரு புருஷன், ஒரு ஸ்கூட்டர், ஒரு டிபன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். தன்விக்கு இரட்டை வேடம். அப்படியென்றால் எனக்கும் இரட்டை வேடம்.

வரதனிடம் சொன்னேன். "ஒருத்தி பேசறதையே இந்த வீடு தாங்கல. இப்ப ரெண்டு பேரா?" என்றார் என் அருமைக் கணவர்.

இன்றிலிருந்து தயிர் கிடையாது, ஐஸ் கிடையாது. அதிமதுரம் வாங்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

இரட்டை வேடம் எனக்கு இல்லை.

ஸ்டுடியோவில் நுழைந்ததும் சுடிதார் போட்ட ஒரு பெண் ஓடி வந்து காலைத் தொட்டாள். பெயர் செவ்வந்தி. இருபத்தைந்து இருக்கும். "ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து உங்க குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தேன் ஹேமாக்கா" என்றாள். இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்பவர்களை என்ன செய்வது? நகல் வள்ளிக்கண்ணுவுக்கு அவள் பேசப்போகிறாள்.

இளம்பரிதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் மேடம். ஆனா ஒரே ஆளும் இல்ல. அதனால கிட்டத்தட்ட உங்களை மாதிரியே ஒரு குரல் வேணும், ஆனா நீங்களா இருக்கக் கூடாது. இது காமெடிப் படம்தான், ஆனா உள்ள புத்தர் இருக்கார்."

உள்ளே புத்தர் இருக்கட்டும். டைட்டிலில் யார் பெயர் முதலில் வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நமக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

"நீங்கதான் அசல்" என்றார் கடைசியில். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து வசனத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். அசலுக்கு முழுக்கப் புலம்பலும் அழுகையும். சிரிக்க வைப்பதெல்லாம் நகல்.

ஜூன் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. செவ்வந்தி சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

இப்போதெல்லாம் யாரும் சேர்ந்து நின்று டப்பிங் பேசுவதில்லை. கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று, எதிராளி ஏற்கெனவே பேசியதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நாம் பேச வேண்டும். ஆக, காலை முழுக்க அந்தப் பெண் என் காதுக்குள் உட்கார்ந்திருந்தாள். "நான்தான்டி வள்ளிக்கண்ணு!" என்று அவள் கத்த, "நீ இல்லடி, நான்!" என்று நான் கத்த, இப்படியே மத்தியானம் வரை போயிற்று. கடைசியில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "சூப்பர்க்கா, அதே கோபம் வேணும்" என்றார் அசோகன்.

அசோகன் சவுண்ட் இன்ஜினியர். நான் இந்தத் தொழிலில் ஓரளவு பெயர் வாங்கியதிலிருந்து அவரோடுதான் வேலை. அவர் அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு புத்த விகாரத்துக்குப் போவார். டீ குடிக்கும்போது அவரிடம், "டைரக்டர் ஏதோ புத்தர்ங்கிறாரே, எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன்.

"அக்கா, முகம் தன்வியோடது. குரல் உங்களது. வசனம் வேற ஒருத்தர் எழுதினது. ஸ்கூட்டர் ஓட்டறது ஒரு டூப்பு, மாடியிலேர்ந்து விழறது இன்னொரு டூப்பு. இதுல வள்ளிக்கண்ணு எங்க இருக்கா?"

"படத்துல இருக்கா."

"படத்துல எங்க?"

நான் டீயைக் குடித்தேன்.

"ஆளுங்களும் அப்படித்தான்னு புத்தர் சொல்றாருக்கா. உடம்பு, உணர்ச்சி, அடையாளம் கண்டுக்கறது, பழக்கம், அறிவு. அஞ்சும் சேர்ந்து ஓடிட்டிருக்கு. அந்த ஓட்டத்துக்கு ஹேமலதான்னு ஒரு பேரு. உள்ள தனியா ஒருத்தர் உக்காந்துக்கிட்டு ஓட்டல."

"உள்ள யாருமே இல்லன்னா காலைல ஒம்போது மணிக்கு யாரை வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன். டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். செவ்வந்தி சிரிக்காமல் அசோகன் சொன்னதையே யோசித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றிலும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

என் பகுதி முடிந்தது. தாலுகா அலுவலகக் காட்சியை இன்று பேசினேன். படத்திலேயே பெரிய காட்சி அதுதான்.

இரண்டு வள்ளிக்கண்ணுகளும் "நான்தான் நான்" என்று சான்றிதழ் வாங்கத் தாசில்தார் முன்னால் நிற்கிறார்கள். பெயரைச் சொன்னால், "அது உங்கப்பா வச்சது, வேற சொல்லுங்க" என்கிறார். முகத்தைக் காட்டினால் இருவருக்கும் ஒரே முகம். கைரேகை வைத்தால் ஒரே ரேகை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கிள்ளியதைச் சொல்லச் சொன்னால் இருவரும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேற்படி நபர் கண்டறியப்படவில்லை" என்று எழுதி முத்திரை குத்துகிறார். அசல் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். நகல், "அப்ப நான் யாருமே இல்லையா சார்? அப்பாடா!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பிக்கிறாள். நிறுத்தவே மாட்டாள்.

அந்த அழுகையை மூன்றே டேக்கில் முடித்தேன். இந்த ஊரில் என்னைப் போல் அழ ஆள் கிடையாது. செவ்வந்தி சிரிப்பை நாளைக்குப் பேசுகிறாளாம். எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்க்கத்தானே போகிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

வரதனுக்குப் பூரி. குழம்புப் பொடி அரைத்தேன். பரணை ஒழித்தேன். யாரைப் பற்றியும் நினைக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

முழுப் படத்தையும் தோராயமாகச் சேர்த்து எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தயாரிப்பாளர் குடும்பம், எடிட்டர், அசோகன், நான், ஒரு மூலையில் செவ்வந்தி.

என் அழுகை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. உடனே அந்தச் சிரிப்பு வந்தது.

நியாயமாக எழுதுகிறேன். முதலில் தொண்டையில் ஏதோ சிக்கினாற்போல் ஒரு சத்தம். சிரிக்கக் கூடாது என்று அடக்குகிறாள். பிறகு பிய்த்துக்கொண்டு வருகிறது. நடுவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம், அதைக் கேட்டு அவளே மறுபடி சிரிக்கிறாள். கொஞ்சம்கூட அடக்க ஒடுக்கம் இல்லை. தயாரிப்பாளரின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கு போட்டதும் இளம்பரிதி, "படமே அந்தச் சிரிப்புதான்" என்றார். என் அழுகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளியே செவ்வந்தி என் பக்கத்தில் வந்து, "அந்தச் சிரிப்பு மாதிரி எனக்கு வரவே வராதுக்கா. எப்படித்தான் வருதோ!" என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொள்வதில் இது ஒரு புது வழி போலிருக்கிறது. "எல்லாம் வரும், வரும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

எனக்கு வயிறெல்லாம் எரிகிறது. பொறாமை இல்லை. மத்தியானம் சாப்பிட்ட காரக் குழம்பு.

ஜூன் 18, புதன்

பொறாமைதான். எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அதே மாதிரி சிரித்துப் பார்த்தேன். தொண்டையில் சிக்கும் சத்தம் வந்தது. அதற்கப்புறம் வந்தது இருமல். "யாருக்கு என்னாச்சு?" என்று வரதன் கதவைத் தட்டினார். அவள் வயதில் நான் எப்படிச் சிரித்தேன் என்று யோசித்தேன். ஞாபகமில்லை. என் குரலை ஆயிரம் தடவை ஹெட்போனில் கேட்டிருக்கிறேன், ஆனால் சிரிக்கும்போது யார் தன் சிரிப்பைக் கேட்கிறார்கள்? அப்போது அதற்கு நேரமிருப்பதில்லை.

அவளுடைய குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பயமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளை அந்தத் தன்விக்கும் இவளையே போடுவார்கள். அசல் வீட்டில் உட்கார்ந்து அதிமதுரம் மென்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூன் 19, வியாழன்

அசோகனைப் போய்ப் பார்த்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்தச் சிரிப்பை எடுத்துடுங்க. தன்வி முகத்துக்கு ஒட்டல. கொச்சையா இருக்கு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நல்லா இருக்கேக்கா."

"எனக்குப் பிடிக்கல."

"நீங்க பிடிக்கலன்னு சொன்ன பிறகு நான் அதை வச்சுக்க முடியாது. டைரக்டர்கிட்டயும் சொல்லிடறேன்."

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவேயில்லை. அனுபவத்துக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. மாலையில் இளம்பரிதியும் பேசினார். குரலில் வருத்தம், ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "உங்க விருப்பம்தான் மேடம். செவ்வந்தியை வேற சிரிக்கச் சொல்றேன்."

வரும் வழியில் வரதனுக்குப் பிடித்த கோதுமை அல்வா வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றார். "சும்மா" என்றேன்.

ஜூன் 21, சனி

செவ்வந்தி போன் செய்தாள். தொண்டை சரியாகிவிட்டதாம், திங்கட்கிழமை சிரிப்பைப் பேசப் போகிறாளாம். "கொஞ்சம் சொல்லித் தாங்கக்கா. எங்க மூச்சு எடுக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று கெஞ்சினாள். என்ன குத்தல் பாருங்கள்! அவள் சிரித்ததை நான் எடுக்கச் சொன்னது தெரிந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கேலி. "எனக்கு அழத்தாம்மா தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிலிண்டர் வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

அடுப்படித் தரையில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

அசோகன் கூப்பிட்டார். "அக்கா, நாலஞ்சு நாளா மனசு கேக்கல. உங்களைக் கேக்காம எடுத்துப் போட்டது என் தப்புதான். கோவிச்சுக்காதீங்க."

"எதை எடுத்துப் போட்டீங்க?"

"அந்தச் சிரிப்பைத்தான். அன்னிக்குப் பாவம் செவ்வந்திக்குத் தொண்டை கட்டிப்போச்சு, காத்துதான் வருது. காட்சி மொட்டையா நிக்குதேன்னு உங்க பழைய ரியாக்ஷன்லேர்ந்து ஒரு சிரிப்பை எடுத்து வச்சேன். தற்காலிகமாத்தான். டைரக்டர் அதையே பிடிச்சுக்கிட்டார். உங்ககிட்ட நானே முதல்ல சொல்லியிருக்கணும்."

வசனமெல்லாம் முடிந்த பிறகு, வெறும் சிரிப்பு, விக்கல், இருமல், பெருமூச்சு என்று தனியாக எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதைத்தான் ரியாக்ஷன் என்போம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனம் போன போக்கில் செய்வது. முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அதை யார் திரும்பக் கேட்டார்கள்?

"எந்தப் படம்?" என்று கேட்டேன்.

"அது வெளிவரவே இல்லக்கா. பதிமூணு பதினாலு வருஷம் இருக்கும். ஆனா உங்களுக்குக் கேட்டதுமே தெரிஞ்சிருக்குமே. அதனாலதானே எடுக்கச் சொன்னீங்க?"

"தெரியாம சொல்லுவேனா?" என்றேன். "கேக்காம எடுத்தது பிடிக்கல, அதான்."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அடக்க ஒடுக்கம் இல்லை, கொச்சை என்றெல்லாம் சொன்னது யாரை? இத்தனை நாள் வயிறு எரிந்தது யாரைப் பார்த்து? தயாரிப்பாளரின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்காக. நானே போய், நானே சொல்லி, என்னை எடுக்க வைத்திருக்கிறேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

இளம்பரிதியிடம் பேசினேன். படத்தின் நன்மையை உத்தேசித்து, என் வருத்தத்தை மறந்து, பழைய சிரிப்பையே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். "நீங்களே நாளைக்கு வந்து கேட்டு முடிவு பண்ணுங்க மேடம். வெள்ளிக்கிழமை படம் சென்சாருக்குப் போகுது" என்றார். செவ்வந்தியும் அந்த இடத்தைப் பேசி முடித்துவிட்டாளாம். பேசட்டும். என் சிரிப்பின் முன்னால் அது எம்மாத்திரம்?

ஜூன் 26, வியாழன்

போனேன். செவ்வந்தியும் இருந்தாள், ஏதோ விட்டுப்போன ஒற்றை வசனத்துக்காக. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இன்று அவளிடம் எனக்குக் கோபமே இல்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஜெயிக்கப்போகிறவர்களுக்கு வரும் இரக்கம் அது, வேறொன்றுமில்லை.

"ரெண்டையும் போடறேன்க்கா. எது வேணும்னு சொல்லுங்க" என்றார் அசோகன்.

தாசில்தார் முத்திரை குத்தினார். நான் அழுதேன். முதல் சிரிப்பு வந்தது. மறுபடி முத்திரை, மறுபடி அழுகை, இரண்டாவது சிரிப்பு. இரண்டும் ஒன்றுபோலவே தொடங்கின. தொண்டையில் அதே சிக்கல், நடுவில் அதே கீச்சு. அந்தப் பெண் எதையும் விடாமல் பிடித்திருந்தாள். ஆனால் இத்தனை வருஷம் இந்தக் காதை வைத்துக்கொண்டு பிழைத்தவள் நான். முதலாவதில், பக்கத்தில் யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு லேசாக இருந்தது. இரண்டாவதில் அது இல்லை. மூச்சை இழுக்கும் இடத்தில் உடம்பே குலுங்கியது.

"ரெண்டாவதுதான்" என்றேன். "இன்னொரு தடவை போட வேண்டாம். என் சிரிப்பு எனக்குத் தெரியாதா? இதுல உசுரு இருக்கு பாருங்க. முதல்ல வந்தது சும்மா பார்த்து எழுதினது."

அசோகன் என் பக்கம் திரும்பவேயில்லை, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இரண்டாவதாக ஓடிய ஒலி வரியின் ஓரத்தில் செவ்வந்தி என்று இருந்தது. மேல் வரியில் ஹேமலதா.

"மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள் அந்தப் பெண். எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "உங்களுதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருந்தேன். பஸ்ல, வீட்டுல, எங்கயும் அதேதான். எங்கம்மாகூடத் திட்டினாங்க. கடைசில பேசறப்ப நான் பண்ற மாதிரியே இல்லக்கா. அதுவா வந்துச்சு."

படத்தில் அந்தத் தாசில்தார் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவாரே, அதே மாதிரி அசோகன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்குத் தர்மசங்கடம். "டைரக்டர் உங்க முடிவுன்னுட்டாருக்கா. நீங்க சொன்னா உங்களுதையே வச்சுடறேன்" என்றார் மெதுவாக.

வைக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எது நன்றாக இருக்கிறது என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் காது கேட்க. காதை வைத்துப் பிழைக்கிறவள் அதை மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது.

"ரெண்டாவதையே வைங்க" என்றேன்.

செவ்வந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுமாராகத்தான் அழுகிறாள். அதை இன்னும் அவள் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் 27, வெள்ளி

படம் சென்சாருக்குப் போயிற்று. தயிர் சாதம் சாப்பிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. வடபழனியில் மாலைக் காட்சிக்கு வரதன் அழைத்துக்கொண்டு போனார். டைட்டிலில் என் பெயரும் அவள் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவில் வந்தன. யார் முதலில் என்று பார்த்தேன். நான்தான். அது எனக்கு எதிர்பார்த்த அளவுக்கு இனிக்கவில்லை.

தாசில்தார் காட்சியில் அரங்கம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு வந்ததும் முன்வரிசையில் ஒரு குடும்பமே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தது. மூச்சை உள்ளே இழுக்கும் இடத்தில் என் பக்கத்து நாற்காலிப் பெண்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் தன்வியின் முகம், அதில் செவ்வந்தியின் குரல், அந்தக் குரலில் நான் என்றோ ஒரு நாள் சிரித்த சிரிப்பு. அன்றைக்கு எதற்கு அப்படிச் சிரித்தேன் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வரதன் என் பக்கம் சாய்ந்தார். "இது உன் சிரிப்புதானே? கல்யாணமான புதுசுல இப்படித்தான் சிரிப்ப. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். யாரைப் பார்த்து அந்த வெளிச்சம் என்றுதான் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, இது செவ்வந்தி" என்றேன்.

"சும்மா சொல்லாதே, எனக்குத் தெரியாதா?" என்றார்.

வீட்டுக்கு வந்து, தோசை வார்த்து, அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு இதை எழுதுகிறேன். வயிறு எரிகிறது. செவ்வந்தியைப் பார்த்து என்று சொல்ல முடியாது, அவள் சிரித்தது என்னுடையது. பழைய ஹேமலதாவைப் பார்த்து என்றால், அவளை நேரில் கேட்டபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அசோகன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், உள்ளே தனியாக ஒருத்தி இல்லை. தேடிப் பார்த்தாயிற்று. ஆனால் பொறாமை இருக்கிறது, இதோ இங்கே, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே. அது யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமை அவரோடு விகாரத்துக்குப் போய்க் கேட்க வேண்டும்.